எச்சரித்தால் மட்டும் போதுமா?

மழை பெய்கிறது, மலை சரிகிறது, மக்கள் மடிகிறார்கள். மண்ணைத் தோண்டிப் பிணங்களை எடுத்து முடிப்பதற்கு முன்பே வாதம் தொடங்கிவிடுகிறது. "நாங்கள் முன்னரே எச்சரித்தோம், அவர்கள் கேட்கவில்லை" என்கின்றனர் அதிகாரிகள். "எங்களிடம் எவரும் சொல்லவில்லை" என்கின்றனர் உயிர் தப்பியோருள் சிலர். "சொன்னார்கள், ஆனால் நாங்கள் நம்பவில்லை" என்கின்றனர் வேறு சிலர். இந்த மூன்று வாக்குமூலங்களையும் மலைநாடு பலமுறை கேட்டுவிட்டது. இவை ஒன்றோடொன்று பொருந்தாதிருப்பது ஏன்? நிபுணரின் சொல்லுக்கும் லயத்தில் வாழும் மனிதனின் காதுக்கும் இடையே விழுந்துள்ள பள்ளம் எவரால் வெட்டப்பட்டது? இதனை ஆராய வேண்டியது நம் கடமை எனக் கருதுகிறோம்.

2025 நவம்பர் இறுதியில் 'திட்வா' புயல் இத்தீவைக் கடந்தபோது 600க்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. கடலில் பிறந்த புயல் கரையோரத்தைவிட மலையிலேயே மிகுதியாகக் கொன்றது. கண்டி, பதுளை, நுவரெலியா ஆகிய மலை மாவட்டங்களே பேரிழப்பைச் சுமந்தன. எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையில் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடும் அப்பொழுது எழுந்தது. புயல் புதிது; முறைப்பாடு பழையது.

பழைய கதைக்கு நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. 2014 அக்டோபர் 29ஆம் நாள். தீபாவளி கழிந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. ஊவாவில், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில், காலை வேளையில் மலை பெயர்ந்து லயங்களின் மீது விழுந்தது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றவர்களும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது, அங்கிருந்து மக்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும், மறுபடி 2011இலும் எச்சரித்திருந்தது என்பது பின்னர் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்த செய்தி. முதல் எச்சரிக்கைக்கும் மலை சரிந்த நாளுக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள்! ஒரு குழந்தை பிறந்து, வளர்ந்து, நான்காம் வகுப்புப் படிக்கும் காலம். அந்த ஒன்பது ஆண்டுகளில் எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. மக்கள் லயத்தில் இருந்தார்கள்.

"படிப்பில்லாத சனங்கள், சொன்னால் விளங்காது" என்று கொழும்பில் மின்விசிறியின் கீழ் அமர்ந்து கூறுவோர் உண்டு. இதனை நாம் வன்மையாக மறுக்கிறோம். நிபுணரின் சொல்லை நம்பாமை படிப்பின்மையால் மட்டும் வருவதன்று. இதற்கு இம்மலைநாட்டின் சரித்திரமே சாட்சி.

தேயிலைக்கு முன் இங்கே கோப்பி இருந்தது. 1869இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் தூள் படிந்த நோய் ஒன்று காணப்பட்டது. பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவைற்ஸ் அதன் ஆபத்தை உணர்ந்தார். பின்னர் 1880இல் மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி இங்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்தார். நோய் ஒரு பூஞ்சணத்தால் வருவது, அதன் வித்துக் காற்றில் பரவுவது, மலை முழுவதும் ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டதே அது காட்டுத்தீயைப் போலப் பரவக் காரணம் என்று காட்டினார். தோட்டத் துரைமார் பலரோ, அதற்கு முன்பும் பின்பும், மண் களைத்துவிட்டது, பருவம் பிழைத்துவிட்டது என்று காரணம் கற்பித்து, அடுத்த விளைச்சலில் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியிருந்தனர். அவர்கள் எழுத்தறியாதவர்களா? ஆங்கிலம் படித்தவர்கள், பணம் படைத்தவர்கள், அரசாங்கத்தின் செவியைப் பெற்றிருந்தவர்கள். இருந்தும் நம்பவில்லை. ஏனெனில் நம்பினால் நட்டம் என்று நினைத்தார்கள். கோப்பி அழிந்தது. வங்குரோத்தான துரைமார் கப்பலேறினர். பிழைப்பிழந்த தொழிலாளிக்கு ஏறுவதற்குக் கப்பல் கூட இல்லை.

அண்மைக் காலத்து உதாரணம் வேண்டுமா? 2021 மே மாதத்தில் இரசாயன உரத்தின் இறக்குமதி ஒரே இரவில் தடுக்கப்பட்டது. விவசாயப் பேராசிரியர்களும் மண்ணியல் அறிஞர்களும் விளைச்சல் வீழும் என்று எடுத்துரைத்தனர். அரசு கேட்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் தடையை விலக்கிக்கொள்ள நேர்ந்தது. 2021இல் 30 கோடி கிலோவுக்கு அண்மித்திருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி அளவுக்கு இறங்கியது. நுவரெலியாவின் உருளைக்கிழங்குப் பாத்திகளும் கந்தப்பளையின் லீக்ஸ் தோட்டங்களும் அனுபவித்த வேதனையை எம் விவசாய வாசகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நிபுணரை நம்பாதவர் பட்டியலை எழுதுவதானால் முதலில் எழுத வேண்டிய பெயர் தொழிலாளியுடையதன்று என்பதே நாம் சொல்ல வருவது.

ஆயினும் லயத்தில் வாழும் நம் மக்களிடமும் ஐயம் இருக்கின்றது. அதனை மறைப்பதில் பயனில்லை. அதன் காரணங்களைத்தான் அறிய வேண்டும்.

முதலாவது, எச்சரிக்கை எந்த மொழியில், எவர் வாயால் வருகிறது? தமிழ் இந்நாட்டின் ஆட்சிமொழிகளுள் ஒன்றென 1987இல் அரசியல் யாப்பில் எழுதப்பட்டது. ஆனால் தனக்கு விளங்காத மொழியில் வந்த ஒரு கடிதமோ கைத்தொலைபேசிச் செய்தியோ ஒரு தாயை நள்ளிரவில் எழுப்புமா? அது அவளுக்கு எச்சரிக்கையன்று, வெறும் எழுத்து.

இரண்டாவது, சொன்னது நடக்காத நாட்கள். மழை கொட்டுகிறது; "எழுந்து பள்ளிக்கூடத்துக்குப் போங்கள்" என்கிறார்கள். கைக்குழந்தையையும் நோயாளிக் கிழவியையும் தூக்கிக்கொண்டு போகிறார்கள். சிமெந்துத் தரையில் இரவு கழிகிறது. காலையில் மலை இருந்த இடத்திலேயே இருக்கிறது. வீட்டுக்கு வந்தால் கோழியைக் காணவில்லை. அன்றைய பேரும் போய்விட்டது. இப்படி இரண்டு முறை நடந்தால், மூன்றாம் முறை எழுந்து போவதற்குக் கால் வருமா? "புலி வருகிறது" என்ற கதையை நாம் சிறுவயதில் படித்தோம். அக்கதையில் சிறுவன் பொய் சொன்னான். இங்கே எவரும் பொய் சொல்லவில்லை. மலை சரியலாம் என்பதுதான் எச்சரிக்கை. சரிந்தே தீரும் என்பதன்று. இந்த வேறுபாட்டை மக்களிடம் அமர்ந்து விளக்கியவர் எத்தனை பேர்?

மூன்றாவது, நிபுணர்கள் கொடுத்த உறுதிமொழிகள் பொய்த்த அனுபவம். பண்டாரவளைப் பகுதி மக்கள் உமா ஓயாத் திட்டத்தை மறந்துவிடவில்லை. மலையைக் குடைந்து சுரங்கம் அமைத்தபோது நிலத்தடி நீர் சுரங்கத்துள் பாய்ந்தது. கிணறுகள் வற்றின, வீடுகளின் சுவர்கள் வெடித்தன. 2017இல் ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கி நீதி கேட்டனர். திட்டத்துக்கு ஒப்பம் வைத்தவர்களும் படித்தவர்களே. "ஆபத்து இல்லை" என்று நேற்றுச் சொன்ன அதே வர்க்கத்தார் இன்று "ஆபத்து உண்டு" என்று சொல்லும்போது, சூடு கண்ட பூனை அடுப்படிக்கு வரத் தயங்குவதில் வியப்பென்ன?

நான்காவது காரணமே தலையாயது. "போ என்கிறீர்கள், எங்கே போவது?" என்ற கேள்விக்கு விடையில்லை. கிராமத்தானுக்குச் சொந்தக் காணி உண்டு. அதனை விட்டு வந்தால் வேறு காணி கேட்கும் உரிமையும் உண்டு. லயத்துக்காரனுக்கு உறுதிப்பத்திரம் ஏது? நிலம் அரசுடையது, 1992 தொடக்கம் முகாமை கம்பெனிகளுடையது, உயிர் மட்டுமே தொழிலாளியுடையது. ஆபத்தைப் பற்றி அரசைக் கேட்டால் கம்பெனியைக் காட்டுகிறது. கம்பெனியைக் கேட்டால் அரசைக் காட்டுகிறது. இருவரும் காட்டும் விரல்களுக்கு நடுவே மலை நிற்கிறது. மீரியபெத்தையில் தப்பியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் காத்திருந்த பின்னரே புதிய வீடுகளைக் கண்டனர். நாடே கண்ணீர் விட்ட மக்களுக்கே இக்கதி என்றால், இன்னும் சரியாத மலையின் அடியில் வாழ்பவனுக்கு எவர் வீடு கட்டிக் கொடுப்பார்? இக்கணக்கைத் தோட்டத் தொழிலாளி நன்றாகவே போட்டுப் பார்த்திருக்கிறான். அவன் எச்சரிக்கையை நம்பவில்லை என்பது பாதி உண்மை. எச்சரித்தவரை நம்பவில்லை என்பதே முழு உண்மை.

பாக்கு நீரிணைக்கு அப்பாலும் இதே பாடம்தான். மேற்குத் தொடர்ச்சி மலையை ஆராய மாதவ் காட்கில் தலைமையில் அமைந்த குழு 2011இல் அறிக்கை தந்தது. வயநாட்டின் வைத்திரி வட்டம் மிகுந்த பாதுகாப்புத் தேவைப்படும் இடங்களுள் ஒன்றாக அதில் குறிக்கப்பட்டிருந்தது. அறிக்கையை உள்ளூர் மொழிகளில் பெயர்த்து ஊர்க் கூட்டங்களின் முன் வைத்து மக்கள் கருத்தைக் கேட்க வேண்டுமென்பதே அக்குழுவின் விருப்பம். நடந்ததோ வேறு. மலையோர விவசாயிகளை மண்ணிலிருந்து துரத்தும் சதி இது என்ற அச்சம் கேரளத்தில் பரவியது. அரசியல்வாதிகள் அவ்வச்சத்தில் குளிர்காய்ந்தனர். அறிக்கை மூலைக்குப் போயிற்று. 2024 ஜூலை 30ஆம் நாள் அதிகாலையில், அதே வைத்திரி வட்டத்தின் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணில் புதைந்தன. 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு முன் 2020 ஆகஸ்டில் மூணாறு அருகே பெட்டிமுடியில் லயங்களின் மேல் மலை விழுந்து 70 பேர் மடிந்தார்களே, அவர்கள் எவர்? நம்மைப் போலவே தமிழ் பேசும் தேயிலைத் தொழிலாளர்கள். எல்லைகள் வேறு, லயம் ஒன்றே. எச்சரிக்கை வெளியேற்றமாகத் தோன்றும் இடத்தில் நம்பிக்கை பிறப்பதில்லை என்பதை இதைவிடத் தெளிவாக எவர் காட்ட முடியும்?

இவ்வளவும் சொன்ன பின், நம் மக்களை நோக்கி ஒரு வார்த்தை சொல்லாவிடில் நாம் கடமை தவறியவர்களாவோம். ஐயப்படுவதற்கு நியாயம் உண்டு. ஆனால் நியாயம் மண்ணைத் தடுத்து நிறுத்தாது. அரசாங்கம் நம்மை ஏமாற்றியிருக்கலாம், கம்பெனி ஏமாற்றியிருக்கலாம், மழைக்கு அவர்கள் இருவரோடும் உறவில்லை. நீர் மண்ணுக்குள் இறங்க இறங்க, மண் துணிக்கைகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் இறுக்கம் தளர்கிறது. மண்ணின் பாரமும் ஏறுகிறது. ஒரு கட்டத்தில் மேல் மண் பாறையை விட்டு வழுக்குகிறது. தரையில் புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரங்கள், திடீரென மண்கலந்து ஓடும் ஊற்று, ஊற்றில்லாத இடத்தில் பீறிடும் நீர், ஓடிய ஊற்றுத் திடீரென நின்றுபோதல், இறுகித் திறக்க மறுக்கும் கதவு ஆகியவை மலை கொடுக்கும் முன்னறிவித்தல்கள். இவற்றைப் படிக்க எந்த மொழியும் வேண்டியதில்லை. கண்டால், எவர் உத்தரவுக்கும் காத்திராமல் குழந்தைகளோடு வெளியேறுவதே அறிவு. போன உயிரை எந்த நட்டஈடும் மீட்பதில்லை.

அளவுகளும் உண்டு. 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு. 100ஐத் தாண்டினால் ஆயத்தம். 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 பெய்தால், வெளியேற்றம். இவையே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்துள்ள படிகள். இங்கே ஒரு விந்தையைக் கவனியுங்கள். மழையை அளந்து குறிப்பது தேயிலைத் தோட்டங்களின் பழைய வழக்கம். காரியாலய முற்றத்தில் மழைமானி நிற்கிறது. தினம் ஒருவர் அளந்து பதிகிறார். கொழுந்து எவ்வளவு வரும் என்று கணக்கிட அந்த எண் பயன்படுகிறது. அதே எண் லயத்துக்கு வந்து சேர்வதில்லை! பிரட்டுக்களத்தில் ஒரு பலகை நட்டு நாளாந்தம் அந்த எண்ணை எழுதுவதற்கு எத்தனை இலட்சம் ரூபா தேவை? எண்ணைத் தானே பார்த்து, தானே கணித்து, தானே முடிவு செய்யும் மனிதன் நிபுணனின் பகைவனாய் இரான், அவனுடைய தோழனாவான்.

விஞ்ஞானம் மலையைக் காக்கவல்லது என்பதற்கும் நம் வாசலிலேயே சான்று உண்டு. ஹட்டனுக்கு அண்மையில் வட்டவளையில் 1990களின் தொடக்கத்தில் நிலம் நகர்ந்து ரயில் பாதையைப் பெயர்த்தது. நிலத்தடி நீரை வடிக்கும் வேலைகள் செய்து அந்நகர்வு கட்டுப்படுத்தப்பட்டது. இரும்புப் பாதைக்குக் கிடைத்த அக்கறை இரத்தமும் தசையுமான மனிதர் வாழும் லயத்துக்குக் கிடைக்கலாகாதா? பதுளை, நுவரெலியா மாவட்டங்களுக்கான மண்சரிவு அபாய வரைபட வேலை 1990இலேயே தொடங்கிவிட்டது. ஆபத்து எங்கே என்பது தெரியும். செய்ய வேண்டியது எது என்பதும் தெரியும். இல்லாதது மனம்.

ஆகவே நாம் கேட்பவை இவை. ஒவ்வொரு எச்சரிக்கையும் தமிழில், அதே நிமிடத்தில், லயத்தின் வாசல்வரை வர வேண்டும். கோயில் ஒலிபெருக்கியும் தோட்டத்துத் தப்பும் இருக்க, செய்தி போய்ச் சேர வழியில்லை என்ற சாக்கை ஏற்க மாட்டோம். வெளியேறச் சொல்லும் நாளுக்கு முழுப்பேர் போட வேண்டும். உயிரைக் காத்ததற்குத் தண்டனையாகக் கூலியை வெட்டுவது அநீதி. ஆபத்தான லயம் என்று எழுதப்படும் ஒவ்வொரு காகிதத்தோடும், அம்மக்கள் குடியேற வேண்டிய காணியின் பெயரும் நாளும் எழுதப்பட வேண்டும். அக்காணி தொழிலிடத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எட்டாத் தொலைவில் இருத்தலாகாது. உறுதிப்பத்திரத்தோடு கைக்கு வர வேண்டும். காணி காட்டாத எச்சரிக்கை, கரை காட்டாமல் "நீந்து" என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

எம் வாசகருள் பொறியியலாளர் உண்டு, ஆசிரியர் உண்டு, மருத்துவர், வழக்கறிஞர் உண்டு. உங்களில் பலர் லயத்துக் காம்பராவிலிருந்து எழுந்து வந்தவர்கள். சொந்தச் சனத்தின் மொழியில், சொந்தச் சனத்தின் முற்றத்தில் நின்று இவற்றை விளக்க உங்களை விடத் தகுந்தவர் எவர்? மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குச் சென்று, கானும் வெடிப்பும் எங்கே என்று மக்களோடு நடந்து பாருங்கள். நிபுணன் மலைக்கு ஏறினால் ஐயம் மலையை விட்டு இறங்கும்.

விவசாய நண்பர்களே, உங்களுக்கும் ஒரு சொல். ஒரு பாத்தி கூடுதலாகப் போடும் ஆசையில் சரிவை நிமிர்த்தி வெட்டுவதும், மழை நீர் வடியும் கானை அடைப்பதும் உங்கள் மண்ணை நீங்களே அறுப்பதாகும். மேலே அடைத்த கான் கீழே இருப்பவனின் கூரையில் போய் முடிகிறது. 1951இலேயே மண் பாதுகாப்புக்கென்று இந்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. சட்டத்துக்கு அஞ்சியல்ல, அயலவனை நினைத்துக் கானைத் திறந்து வையுங்கள்.

தொழிற்சங்கத் தலைவர்களுக்குச் சொல்வதும் சுருக்கமே. மரணம் நிகழ்ந்த மறுநாள் வெள்ளை வேட்டியோடு வந்து மாலை போடுவது எளிது. மரணம் நிகழாத நாளில் காணிக்காகப் போராடுவதே தலைமை.

அடுத்த பருவமழை எவரையும் கேட்டு வராது. அது வருமுன், எச்சரிப்பவர் நம்பத்தக்கவராகவும், எச்சரிக்கப்படுவோர் போக ஓரிடம் உடையவராகவும் ஆகிவிட்டால், மலைநாட்டில் மழை மறுபடியும் மழையாகவே இருக்கும். அதுவரை, வெடிப்பைக் கண்டால் எழுந்து செல்லுங்கள். காணியைக் கேட்டுக் குரல் எழுப்புங்கள். இரண்டில் எதனையும் மற்றதற்காக ஒத்திவைக்காதீர்கள்.